நாங்கள் சர்வீஸ் சார்ஜ் போட்ட காலம்

எங்கள் ஹோட்டலில் சர்வீஸ் சார்ஜ் போட்டது கொஞ்ச காலம்தான். ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தோம். அடுத்த மாம்பழ சீசன் முடிவதற்குள் எடுத்துவிட்டோம். கல்லாவில் உட்கார்ந்து அத்தனை வருஷமாக வாங்காத பேச்சையெல்லாம் அந்தச் சில மாதங்களில் வாங்கினேன்.

ஹோட்டல் மும்பையில், செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பெரிய இடம் இல்லை. பத்துப் பன்னிரண்டு மேசை, பாதிக்கு ஏசி. அதற்கு முன்னால் என் மாமனார் தாராவியில் இட்லிக் கடை வைத்திருந்தார். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, டிரெயினைப் பிடிக்க ஓடுகிற கடை. அங்கே டிப்ஸ் என்கிற பேச்சே கிடையாது. யாராவது மீதிச் சில்லறையை வாங்காமல் போனால் என் மாமனார் தெருமுனை வரைக்கும் ஆள் விட்டுக் கூப்பிடுவார். அதனால் செம்பூரில் கடை போட்டு, முதல் நாள் ஒரு மேசையில் சோம்புத் தட்டுக்கு அடியில் பத்து ரூபாய் நோட்டு ஒன்று கிடந்தபோது, யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். எடுத்துக் கல்லாவில் வைக்கப் போனேன்.

"மதினி, அது எனக்கு வச்சது" என்றார் எங்கள் பெரிய சர்வர்.

அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். மாட்டுங்காவில் பெரிய ஹோட்டல்களில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். என் கணவரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார், வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர் என்றாலும். டிப்ஸ் என்பது என்ன, அதை எப்படி வாங்க வேண்டும், எப்போது பார்க்காதது மாதிரி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பில்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவர் ஒருநாளும் மேசைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார். இரண்டு மேசை தள்ளிப் போய் ஒரு தண்ணீர் ஜக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கல்லாவில் இருந்து பார்த்தால் எல்லா மேசையும் தெரியும். பணம் வைக்கிறவர்களை நான் வேடிக்கை பார்ப்பேன். சிலர் திருடுகிற மாதிரி வைப்பார்கள். தட்டுக்கு அடியில் செருகிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் எழுந்துவிடுவார்கள். சிலர் சர்வர் வரும்வரை காத்திருந்து கையிலேயே கொடுப்பார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவன் பெண்டாட்டி பார்க்கிற மாதிரி வைப்பான். கொஞ்ச வருஷம் ஆனவன் பெண்டாட்டி கை கழுவப் போன நேரம் பார்த்து வைப்பான். நான்கு பேர் சேர்ந்து வரும் ஆபீஸ் பெண்கள் ஆளுக்கு ஐந்து ரூபாய் என்று பங்கு போட்டு வைப்பார்கள். ஒருவர் இருந்தார், வைத்துவிட்டு வாசல் வரை போய், திரும்பி வந்து, பாதியை எடுத்துக்கொண்டு போவார். அவரைப் பார்த்தால் எனக்கு ஏனோ கோபம் வந்ததே இல்லை.

பிறகு ஊரடங்கு வந்தது. கடையை மூடினோம். திறந்தபோது எல்லாரும் போனைக் காட்டி ஸ்கேன் பண்ணுகிறவர்களாக மாறியிருந்தார்கள். பில் என்ன தொகையோ அதைச் சரியாக, பைசா சுத்தமாக அனுப்பிவிட்டு எழுந்து போனார்கள். கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. பாக்கெட்டில் நோட்டே இல்லை. சோம்புத் தட்டில் சோம்பு மட்டும் இருந்தது. பெரிய சர்வர் ஒருநாள் தன் போனில் இருந்த ஸ்கேன் படத்தை ஒரு கஸ்டமரிடம் நீட்டுவதைப் பார்த்தேன். நீட்டியவர் முகத்தையும் பார்த்தேன். அந்த முகத்தோடு அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கஸ்டமர் போன பிறகு என் பக்கம் வந்து, "இனிமே கேக்க மாட்டேன் மதினி. கேட்டு வாங்குனா பிச்சை மாதிரி இருக்கு" என்றார்.

நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். ஆனால் செய்ய வைத்தது பெரிய சர்வர் அல்ல. பின்பக்கம் மோரி என்கிற கழுவுமிடத்தில் பாத்திரம் தேய்க்கிறவள்தான்.

அவள் மான்குர்த்திலிருந்து வருகிறவள். பிறந்தது விழுப்புரம் பக்கம், வளர்ந்தது இங்கே. புருஷன் இருந்தான், இல்லாத மாதிரி. ஒரு பெண், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்றரை மணிக்கு மேல் கடையில் கூட்டம் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் நாங்கள் எல்லாரும் சாப்பிடுவோம். ஒருநாள் அப்படிச் சாப்பிடும்போது பெரிய சர்வர் டிப்ஸ் இல்லாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் காலேஜ் பீஸ், அது இது என்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கையில் சோற்று உருண்டையோடு சொன்னாள்:

"உங்களுக்கு இப்பதான் இல்லாம போச்சு. எனக்கு எப்ப இருந்திச்சு?"

பெரிய சர்வர் சிரித்துக்கொண்டு, "உனக்கு எதுக்கும்மா டிப்ஸ்? கஸ்டமர் உன்னைப் பாக்கானா?" என்றார்.

"பாக்கலன்னா? அவன் துன்ற தட்டைப் பாக்கறான் இல்ல. அதுல போன ஆள் துன்னது ஒட்டிக்கினு இருந்தா உங்களுக்கு டிப்ஸ் வைப்பானா?"

"நின்னு பேசுறது நான். அவன் வீட்டுல யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காரம் ஆகாதுன்னு ஞாபகம் வச்சிருக்கது நான். அதுக்குத்தான் வைக்கான்."

"அப்ப தட்டை நீங்களே கழுவுங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள். சண்டை என்று சொல்ல முடியாது. சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் என் கணவருக்கு அது உள்ளே போய்விட்டது. அவர் இட்லிக் கடையில் சின்ன வயதில் தட்டுக் கழுவியவர். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், "அவ கேட்டது நியாயம்லா" என்றார். நான் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்ன பிறகு யோசித்தேன், பெரிய சர்வர் சொன்னதும் நியாயம்தானே என்று.

அந்த வாரமே பில் போடுகிற மெஷினில் ஐந்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்தோம். வாசலில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டினோம். வருகிற பணத்தைச் சமையல்கட்டு, மோரி, மேசை என்று எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது என்று சொன்னோம். சமையல் மாஸ்டருக்குச் சந்தோஷம். அவளுக்குச் சந்தோஷம், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய சர்வர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டார்கள். "மேடம், யே க்யா ஹை?" என்று பில்லில் விரலை வைத்துக் கேட்கிறவர்கள். கேட்காமல், என்னைப் பார்க்காமல், பணத்தை அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு வராமலே போனவர்கள். போனில் ஏதோ ஒரு செய்தியைத் திறந்து, இது கட்டாயம் இல்லை என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது பாருங்கள் என்று என் முகத்துக்கு நேரே நீட்டிய பையன்கள். கட்டாயம் இல்லைதான். யார் வேண்டாம் என்றாலும் எடுத்துவிட வேண்டும் என்று நாங்களே பேசி வைத்திருந்தோம். எடுத்துவிடுவேன். சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவேன். ஒரு பையன் பதினான்கு ரூபாயை எடுக்கச் சொல்லி, நான் பில்லை மாற்றிக் கொடுத்ததும், உள்ளே போய்ப் பெரிய சர்வர் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனான். அதை என்னால் கொஞ்ச நேரம் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பதினான்கு ரூபாய் கொடுக்க மனமில்லாதவன் எப்படி ஐம்பது கொடுக்கிறான்?

எனக்கு அதை விளக்கியது ஞாயிற்றுக்கிழமை சார்தான்.

அவரை அப்படித்தான் சொல்லுவோம். பாலக்காட்டுக் குடும்பம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, ஏதோ பெரிய ஆபீஸில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது செம்பூரில் இருக்கிறார். ஞாயிறு காலை அவரும் மாமியும் வருவார்கள். ஓர மேசை. இட்லி, ஒரு ரவா தோசையைப் பாதியாக்கி இரண்டு தட்டு, இரண்டு காபி. அவர்கள் போன பிறகு சோம்புத் தட்டில் மூன்று பத்து ரூபாய் நோட்டு இருக்கும். எல்லாரும் ஸ்கேன் பண்ண ஆரம்பித்த பிறகும் அவர் நோட்டு கொண்டுவந்தார். புது நோட்டு, மடிப்பு இல்லாமல்.

சர்வீஸ் சார்ஜ் போட்ட பிறகு முதல் ஞாயிறு, பில்லை எடுத்துக்கொண்டு அவரே கல்லாவுக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது என்னதும்மா?"

சொன்னேன். எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் கூடக் கிடைக்கும் என்று சொன்னேன். அதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"நல்ல விஷயம்" என்றார். "ஆனா இதை எடுத்துடணும்."

"சார், பதினெட்டு ரூபா. நீங்க எப்பவும் வைக்கிறதே இதைவிட ஜாஸ்தி."

"அதனாலதான் சொல்றேன். நான் சொல்றது மனசிலாச்சோ? நான் முப்பது ரூபாய் வைக்கறச்சே அது நான் குடுக்கறது. நீங்க பதினெட்டு ரூபாய் எழுதறச்சே அது என்கிட்டேர்ந்து எடுக்கறது. எனக்கு வித்தியாசம் பன்னிரண்டு ரூபாய் இல்லை."

மாமி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "போறும், எல்லாரும் பார்க்கறா" என்றாள்.

"பார்க்கட்டுமே. நான் என்ன திருடினேனா?"

எடுத்துவிட்டேன். அவர் பழையபடி முப்பது ரூபாயை வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வந்தார். மறுபடி பில்லில் அந்த வரி இருந்தது. மெஷின் தானாகப் போட்டுவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை. கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தட்டில் நோட்டு இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு ஓர மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் வராமல் போனது பெரிய சர்வரை உறுத்தியது. அது முப்பது ரூபாய்க்காக இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பங்கு வந்த பணத்தில் அவருக்கு அதைவிட அதிகமே வந்தது. முன்னைப் போல இல்லாவிட்டாலும், ஸ்கேன் காலத்தில் வந்ததற்கு மேல். ஒருநாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்திருந்த நேரத்தில், கல்லாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் அப்படி உட்கார மாட்டார்.

"மதினி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீங்க. இப்ப யாரும் என் மூஞ்சியைப் பாக்க மாட்டங்காங்க."

"ஏன் பாக்க மாட்டங்காங்க?"

"பில்லுல குடுத்தாச்சுல்லா. இனிமே எனக்கு என்ன? முன்னால, சாப்பிட்டு முடிச்சு எந்திரிக்கும்போது ஒரு பார்வை பாப்பாங்க. வச்சிருக்கேன், எடுத்துக்கோ, அப்படின்னு. வைக்காதவனும் பாப்பான். இன்னைக்கு இல்லப்பா, அடுத்த தடவை பாக்கலாம்னு. வைக்காதவன் பார்வை கூட எனக்குப் பிடிக்கும். இப்ப ஒண்ணும் இல்ல. நேரா வாசலைப் பாத்துப் போறாங்க."

"காசு வருதுல்லா?"

"வருது. நான் இல்லன்னு சொல்லல." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "நான் நல்லாச் செஞ்சாலும் அஞ்சு, மோசமாச் செஞ்சாலும் அஞ்சு. அந்த ரெண்டாவது மேசை சர்வர் பய நேத்து சாம்பாரை ஒருத்தர் மேல ஊத்திட்டான், அவனுக்கும் அஞ்சு. அப்ப நான் எதுக்கு மதினி ஒவ்வொருத்தர் சர்க்கரையையும் ஞாபகம் வச்சிருக்கணும்?"

அவர் சொல்வதைக் கேட்டபோது அது சரி என்றுதான் பட்டது. ஆனால் அன்றைக்கே, கொஞ்ச நேரம் கழித்து, மோரிப் பக்கம் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலில் புதிதாக ரப்பர் பூட்ஸ். அவள் கால் விரல் இடுக்கெல்லாம் எப்போதும் வெந்து கிடக்கும். தண்ணீரிலேயே நிற்கிற கால். நாங்கள் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டியது. அவளே வாங்கியிருந்தாள்.

"சார்ஜ் காசுலயா வாங்கின?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. குர்லாவுல வாங்கினேன். பேரம் பேசி." காலைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதிகம் பார்த்ததில்லை. நான் கல்லாவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பெரிய சர்வர் தண்ணீர் ஜக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் யாருக்கு ஆமாம் என்பது?

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கணவரிடம் பேசினால், "பழகிரும். ஜிஎஸ்டி வந்தப்பவும் கத்தினாங்க, பழகலையா?" என்பார். எனக்கும் பழகத்தான் செய்தது. மாற்றிக் கொடுப்பது, சிரிப்பது, அடுத்த பில்.

அது நின்றது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. எங்கள் கல்யாண நாள் அந்த வாரத்தில் வந்தது. மகள் பாந்த்ரா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் லீவு போட்டுவிட்டு எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடிச் சுவர், மெத்தை நாற்காலி, மேசைக்கு மேசை ஆள். எங்கள் மேசைக்கு ஒரு சின்னப் பெண் வந்து பரிமாறினாள். மணிப்பூரோ மிசோரமோ, அந்தப் பக்கத்துப் பெண். என் கணவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவர் கேள்வி கேட்பார், தொழில்காரர் அல்லவா. இது எந்த அரிசி, இந்தக் கிண்ணம் எங்கே வாங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று.

பில் வந்தது. மகள் போனை எடுத்தாள். என் கணவர் பில்லை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பத்து பெர்சன்டா!"

"விடுங்கப்பா" என்றாள் மகள்.

"ஏன் விடணும்? இது கட்டாயம் இல்லைல்லா." அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். ஹிந்தியில் சொன்னார், சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடச் சொல்லி.

என்னால் நம்ப முடியவில்லை. என் வாய் வரைக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் "ஜி சார்" என்று போனாள். மானேஜர் வந்தார். கோட்டுப் போட்டவர். சிரித்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஷ்யூர் சார், நோ ப்ராப்ளம்" என்று சிரித்துக்கொண்டே பில்லை எடுத்துப் போய் மாற்றிக் கொண்டுவந்தார். மகள் பணம் கட்டினாள். அவள் காது சிவந்திருந்தது.

எழுந்திருக்கும்போது என் கணவர் பாக்கெட்டைத் தடவினார். அந்தப் பெண்ணுக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. என் பர்ஸில் லோக்கல் டிரெயின் பாஸும் கொஞ்சம் சில்லறையும்தான். போனை எடுத்து, "உன் நம்பர் சொல்லும்மா, அனுப்புதேன்" என்று பாதித் தமிழிலேயே கேட்டுவிட்டார். அவளுக்குப் புரிந்தது. கையை ஆட்டினாள். "அலௌட் நஹி ஹை சார்" என்றாள், வாங்கக் கூடாதாம். பிறகு அவளும் சிரித்தாள். நாங்கள் வெளியே வந்தோம்.

டாக்ஸியில் மகள் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வண்டி சயானைத் தாண்டியது. பிறகு அவள்தான் சொன்னாள்.

"அப்பா, நீங்களே போடுறீங்க. நீங்களே எடுக்கச் சொல்றீங்க."

"நாம போடுறது அஞ்சு."

"அப்பா."

"சரி" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை.

மறுநாள் காலை, மாவு அரைத்து வந்த நேரத்தில், கல்லாவில் சாமி கும்பிட்டுவிட்டு நான் உட்கார்ந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எடுத்துருவோம்."

"எதை?"

"அந்த சார்ஜை. நேத்து நான் கேட்டப்ப அந்த மானேஜர் சிரிச்சான் பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்தச் சிரிப்பைத்தான் நீ தெனமும் இங்க உக்காந்து சிரிக்க. இத்தனை மாசமா." அவர் என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டவன் வெட்கப்பட்டுத்தான் கேக்கான். எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. அவன் கஞ்சன்னு நாம நெனைக்கோம், நாம ஏமாத்துதோம்னு அவன் நெனைக்கான். நடுவுல அந்தப் பொண்ணு நிக்கா."

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "அப்ப மோரிக்காரிக்கு என்ன செய்ய?"

அதற்கு அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். ராத்திரி தூங்கவில்லை போல. இட்லி ஒரு தட்டுக்கு இரண்டு ரூபாய், தோசைக்கு ஐந்து ரூபாய், காபிக்கு இரண்டு ரூபாய் ஏற்றுவது. அதில் வருவதை எல்லார் சம்பளத்திலும் சேர்த்துவிடுவது, மாதச் சம்பளமாகவே. கஸ்டமர் மனமிருந்து மேசையில் வைத்தால் அது அந்த மேசை சர்வருக்கு. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

"வெலை ஏத்துனா சண்டை வராதா?" என்றேன்.

"பாப்போம்."

சண்டை வரவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். வாசலில் ஒட்டிய தாளைக் கிழித்தோம், மெனு கார்டைப் புதிதாக அடித்தோம். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினான்கு ரூபாய்க்குப் போனை நீட்டிய பையன்கள் அதே பதினான்கு ரூபாயைத் தோசை, காபி விலையில் கொடுத்துவிட்டு, "தேங்க்யூ ஆன்ட்டி" என்று போனார்கள். பணம் அதே பணம். அது பில்லில் தனியாக ஒரு வரியாக நிற்கும்போது கண்ணை உறுத்துகிறது. தோசைக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரிவதில்லை. இதில் எது நேர்மை என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று எழுதி வாங்கியபோது திட்டினார்கள். எழுதாமல் வாங்கியபோது வாழ்த்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாரை என் கணவர் மார்க்கெட்டில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் மாமியோடு வந்தார். மெனு கார்டைக் கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் படித்தார்.

"விலை ஏத்திட்டேள் போலிருக்கு."

"ஆமா சார்."

"அது உங்க உரிமை. பிடிச்சா சாப்பிடறேன், பிடிக்கலைன்னா போறேன்." உட்கார்ந்தார். பெரிய சர்வர் கேட்காமலே இட்லி கொண்டுவந்து வைத்தார், மாமிக்குச் சட்னியில் காரம் குறைத்து.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. கையில் காசு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டேதான் போகிறார்கள். பெரிய சர்வருக்கு முன்பு மாதிரி வரும்படி திரும்பி வரவே இல்லை. சம்பள உயர்வு அவருக்கும் மோரிக்காரிக்கும் ஒரே அளவு என்பதில் அவருக்கு இன்னும் மனக்குறை உண்டு. ஊருக்குப் போய்விடுகிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை சொல்வார். அதற்குள் வெளியேயும் விதிகள் கடுமையாகி, தானாகவே பில்லில் போடக் கூடாது என்று ஆகிவிட்டது. நாங்கள் முந்திக்கொண்டோம் என்று என் கணவர் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். மகள் முன்னால் மட்டும் சொல்ல மாட்டார்.

மோரிக்காரி ஒரு வருஷம் போல இருந்துவிட்டு, கோவண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனாள். பிஎஃப் உண்டு, வாரத்தில் ஒருநாள் லீவு உண்டு என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சமீபத்தில் ஒரு சாயங்காலம் வந்தாள். அவள் மகள் பன்னிரண்டாவது பாஸ் பண்ணியிருந்தாள். இரண்டு பேரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். நான் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப் போகப் பார்த்தேன், பழக்கத்தில். "இல்லக்கா, உக்காந்து துன்னப் போறோம்" என்றாள். ஏசிப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். பெரிய சர்வர் போய்த் தண்ணீர் வைத்தார். "என்ன சாப்பிடுதீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தாள். மகளுக்கு அது என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

மசால் தோசை, பூரி, இரண்டு பாதாம் பால். பணம் வாங்க வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். அவள் கேட்கவில்லை. பில் வந்தே ஆக வேண்டும் என்றாள். மகள் போனில் ஸ்கேன் பண்ணினாள். பிறகு அம்மாக்காரி ரவிக்கையிலிருந்து சின்ன பர்ஸை எடுத்து, ஒரு இருபது ரூபாய் நோட்டைச் சோம்புத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, எடுத்து, நீட்டி நீவி, மறுபடி வைத்தாள்.

பெரிய சர்வர் இரண்டு மேசை தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் வந்தார். எல்லாரிடமும் எடுப்பதைப் போலவே எடுத்தார். நோட்டைச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்தார். அவளும் அவரை நேராகப் பார்த்தாள்.

போகும்போது கல்லாவில் நின்றாள்.

"அக்கா, மசால் தோசை வெல ரொம்ப ஜாஸ்தி" என்றாள்.

"ஏன் ஏத்துனோம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்ப வாங்கறவ. இப்ப நான் குடுக்கறவ ஆயிட்டேன் இல்ல?" என்றாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அடுத்த மேசைக்காரர் பில்லோடு வந்து நின்றார். நான் மெஷின் பக்கம் திரும்பினேன்.